ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் சல்லிவன்

கோடை வந்துவிட்டால் போதும். மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாக ஊட்டிக்குப் புறப்படுகிறார்கள். ஏரியில் படகு விடுகிறார்கள். பூங்காவில் மலர்களைப் பார்க்கிறார்கள். திரும்பும்போது கேரட்டும் முட்டைக்கோசும் வாங்கி வருகிறார்கள்.

இந்த ஊர் தானாக உண்டானதல்ல. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே கடைவீதி இல்லை, ஏரி இல்லை, ஒரு கல் வீடுகூட இல்லை. பசும்புல் படர்ந்த குன்றுகளும், பள்ளங்களில் சோலைகளும், மேய்ந்து திரியும் எருமை மந்தைகளும்தான் இருந்தன.

அங்கே ஊர் கட்டியவர் கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்ற ஆங்கிலேயர். இந்த மலையின் மீது அவர் உயிரையே வைத்திருந்தார். அதற்காக உத்தியோகத்தில் அடி வாங்கினார். மலை மக்களின் நிலம் மலை மக்களுக்கே சொந்தம் என்று மேலதிகாரிகளுடன் வாதாடினார். கடைசியில் தம் மனைவியையும் மகளையும் அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அவருடைய கதை இது.

பதினைந்து வயதில் வேலை

ஜான் சல்லிவன் 1788-ம் ஆண்டு ஜூன் மாதம் 15-ந் தேதி லண்டனில் பிறந்தார். அந்தக் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். சிறு வயதிலேயே பிள்ளைகளை எழுத்தர்களாகச் சேர்த்துவிடுவார்கள். சல்லிவனும் 1804-ம் ஆண்டு, பதினைந்து வயதுப் பையனாக இருந்தபோதே, அந்த வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடல் கடந்து சென்னை ராஜதானிக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்தார். 1815-ம் ஆண்டு கோயமுத்தூர் ஜில்லாவின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது.

திப்பு சுல்தான் 1799-ம் ஆண்டு போரில் மாண்ட பிறகு கோயமுத்தூர்ச் சீமை கம்பெனியின் வசமாயிற்று. நீலகிரி மலையும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். ஆனால் மலையின் மேலே என்ன இருக்கிறது என்பது கீழே இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்குச் சரியாகத் தெரியாது.

கோயமுத்தூர்ச் சமவெளியிலிருந்து வடக்கே பார்த்தால், சுவர் எழுப்பியதுபோல் மலை நிற்கும். தூரத்தில் அது நீல நிறமாகத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோத்துக்கொள்ளும் இடம் அது. மலையடிவாரத்தில் பவானி ஆறு ஓடுகிறது. ஆற்றை அடுத்து அடர்ந்த காடு. அந்தக் காட்டில் யானை, புலியைவிடப் பயங்கரமானது மலேரியாக் காய்ச்சல். அதற்கு அஞ்சியே பலர் மலைப்பக்கம் போவதில்லை.

மலையில் இருந்தவர்கள்

வெள்ளைக்காரர்கள் ஊட்டியைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். அவர்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள்.

எருமை வளர்த்தவர்கள் தோடர்கள். புல்வெளி முழுவதும் அவர்களுடைய மேய்ச்சல் நிலம். பால் அவர்களுக்குத் தெய்வத்துக்குச் சமம். பால் கடையும் இடமே கோயில். பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற குடிசைகளில் வாழ்ந்தார்கள். அவர்களுடைய குடியிருப்புக்கு மந்து என்று பெயர். நிலத்தை உழுது தானியம் விளைவித்தவர்கள் படுகர்கள். இரும்பு அடித்தவர்கள், மண்பாண்டம் செய்தவர்கள், இசைக் கருவி வாசித்தவர்கள் கோத்தர்கள். காட்டிலும் மலைச்சரிவிலும் வாழ்ந்தவர்கள் குறும்பர்களும் இருளர்களும். பாலும் தானியமும் இரும்புச் சாமானும் தேனும் இவர்களுக்குள் கைமாறிக்கொண்டிருந்தன.

1603-ம் ஆண்டிலேயே மலையாளக் கரையிலிருந்து ஃபெனிசியோ என்ற பாதிரியார் மலையேறி வந்து தோடர்களைப் பார்த்துவிட்டுப் போனார். 1812-ம் ஆண்டு கம்பெனியின் சர்வேயர் கீஸ் என்பவர் மேலே போய் வந்து எழுதினார். அந்த எழுத்தை மேலிடத்தில் யாரும் பெரிதாக எண்ணவில்லை.

1819 ஜனவரி

1818-ம் ஆண்டு சல்லிவனின் உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் மலையேறினார்கள். மேலே நல்ல குளிர்ச்சி, நல்ல நீர், நல்ல மண் என்று திரும்பி வந்து சொன்னார்கள். கலெக்டரால் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

1819-ம் ஆண்டு ஜனவரி மாதம் சல்லிவன் தாமே புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. வண்டிப் பாதை கிடையாது. செங்குத்தான ஒற்றையடித் தடத்தில் காட்டை வெட்டி விலக்கிக்கொண்டு ஏற வேண்டும். அடிவாரத்தில் வியர்வை கொட்டிய உடம்பு மேலே போனதும் குளிரால் நடுங்கியது. ஜனவரி மாத விடியற்காலையில் நீலகிரிப் புல்லின் மீது உறைபனி வெள்ளை வெளேரென்று படிந்திருக்கும். தென்னாட்டு வெயிலில் பதினான்கு ஆண்டு வாடிய ஆங்கிலேயருக்கு அதைக் காண எப்படி இருந்திருக்கும்!

அந்த நாட்களில் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் கம்பெனிச் சிப்பாய்களும் அதிகாரிகளும் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். நோயாளிகளைக் கப்பலில் தூர தேசங்களுக்கு அனுப்பிக் காற்று மாற்றச் சொல்வார்கள். அதற்குப் பணமும் பல மாதங்களும் செலவாகும். இதோ, பக்கத்திலேயே ஒரு குளிர்ந்த மலை இருக்கிறதே என்று சல்லிவன் எண்ணினார்.

அதே ஆண்டில் அவர் மறுபடியும் மலையேறினார். லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞரும் நோயோடு மலைக்கு வந்தார். மலைக் காற்றில் உடம்பு தேறினார். சல்லிவனின் நம்பிக்கை உறுதிப்பட்டது. கோத்தகிரிக்குப் பக்கத்தில் திம்பட்டி என்ற இடத்தில் வீடு கட்டத் தொடங்கினார். சென்னை சர்க்காருக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார்.

கைதிகள் போட்ட பாதை

ஊர் அமைய வேண்டுமானால் முதலில் பாதை வேண்டும். 1821-ம் ஆண்டு, பவானிக் கரையிலுள்ள சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் பாதை போடும் வேலை தொடங்கியது. மேற்பார்வை பார்த்தவர் மக்பர்சன் என்ற ராணுவ அதிகாரி. கல்லை உடைத்து மண்ணை வெட்டியவர்கள் கோயமுத்தூர், சேலம் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். காய்ச்சல் காட்டில் கடப்பாரை பிடித்தவர்கள் அவர்கள்தான். 1823-ம் ஆண்டு பாதை முடிந்தது. சல்லிவன் பெயர் நிலைத்தது. பாதை போட்ட கைதிகளின் பெயர் யாருக்கும் தெரியாது.

கல் பங்களா

கோத்தகிரியோடு சல்லிவன் நிற்கவில்லை. மேற்கே இன்னும் உயரத்தில் ஓர் அழகான பள்ளத்தாக்கு இருந்தது. சுற்றிலும் குன்றுகள். கிழக்கே தொட்டபெட்டா சிகரம். அதன் உயரம் 8,650 அடிக்கு மேல். பள்ளத்தாக்கின் உயரமே ஏறத்தாழ 7,350 அடி. அங்கே தோடர்களின் மந்து ஒன்று இருந்தது. ஒத்தைக்கல் மந்து என்பதே உதகமண்டலம் ஆயிற்று என்று சொல்வார்கள். வெள்ளைக்காரர் வாயில் அது ஊட்டகமண்ட் ஆகி, பிறகு ஊட்டி என்று சுருங்கிவிட்டது.

1822-ம் ஆண்டு அந்த இடத்தைத் தோடர்களிடமிருந்து சல்லிவன் வாங்கினார். ஏக்கருக்கு விலை ஒரே ஒரு ரூபாய்! கருங்கல்லால் ஒரு வீடு எழுப்பினார். மலை மக்கள் அதைக் கல் பங்களா என்று அழைத்தார்கள். ஊட்டியின் முதல் பங்களா அதுவே.

1820-ம் ஆண்டு சல்லிவனுக்கு ஹென்ரியட்டா என்ற பெண்ணோடு திருமணம் ஆகியிருந்தது. 1823-ம் ஆண்டு கணவனும் மனைவியும் கல் பங்களாவில் குடியேறினார்கள். ஊட்டியில் குடித்தனம் செய்த முதல் ஐரோப்பியப் பெண்மணி ஹென்ரியட்டாதான். அக்கம்பக்கத்தில் பேசுவதற்கு அவள் நாட்டுப் பெண் ஒருத்திகூடக் கிடையாது. கடையும் வைத்தியரும் வெகு தூரத்தில். அங்கேதான் அவள் தன் குழந்தைகளை வளர்த்தாள்.

ஏரியும் தோட்டமும்

பள்ளத்தாக்கில் ஓடிய சிற்றோடைகளைச் சல்லிவன் பார்த்தார். ஒரு கரை போட்டால் நீர் தேங்குமே என்று தோன்றியது. 1823-ம் ஆண்டு தொடங்கிய வேலை இரண்டு ஆண்டுகளில் முடிந்து, ஊட்டி ஏரி உருவாயிற்று. படகு விட்டுக் களிப்பதற்காக மட்டும் வெட்டியதல்ல அது. கீழே உள்ள வயல்களுக்கும் நீர் பயன்பட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அந்த ஏரி இன்றைய ஏரியைவிட மிகப் பெரியது. இன்று பஸ் நிலையமும், குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானமும் இருக்கும் இடமெல்லாம் அன்று தண்ணீர்!

அடுத்தது விவசாயம். இங்கிலாந்தில் விளையும் பொருள் இந்தக் குளிரிலும் விளையும் என்று சல்லிவன் கணக்கிட்டார். கோதுமை, பார்லி விதைகளும், ஆப்பிள், பீச் கன்றுகளும், காய்கறி விதைகளும் வந்து சேர்ந்தன. முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் நீலகிரி மண்ணில் வேர்விட்டன. விதைகளை மலை உழவர்களுக்கும் கொடுத்துப் பயிரிடச் செய்தார். உழைப்பாளிகளான படுகர்கள் புதுப் பயிர்களைத் தங்கள் பயிராக ஆக்கிக்கொண்டார்கள். பிறகு எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே ஜீவனம் ஆயிற்று. இன்றும் மேட்டுப்பாளையம் மண்டிகளில் வந்து இறங்கும் நீலகிரி உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

1826-ம் ஆண்டு சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ ஊட்டிக்கு வந்தார். கல் பங்களாவில் சல்லிவன் வீட்டு விருந்தாளியாகத் தங்கினார். மலையின் குளிர்ச்சியில் மனம் மகிழ்ந்தார். சல்லிவனுக்கு அது பெருமையான காலம். ஆனால் அது நீடிக்கவில்லை. மறு ஆண்டே மன்றோ காலரா கண்டு இறந்துவிட்டார்.

நிலம் யாருக்குச் சொந்தம்?

புதிய கவர்னராக லஷிங்டன் வந்தார். அவருக்கும் ஊட்டி பிடித்திருந்தது. ஆனால் சல்லிவனைப் பிடிக்கவில்லை. 1828-ம் ஆண்டு ஊட்டி ராணுவத்தார் ஓய்வெடுக்கும் இடமாக்கப்பட்டது. மேஜர் கெல்சோ என்ற ராணுவ அதிகாரி அங்கே தலைவரானார். ஊரை அமைத்த கலெக்டருக்கு ஊரில் அதிகாரம் குறைந்தது.

தகராறின் வேர் நிலம். வீடு கட்டவும் பாசறை போடவும் நிலம் வேண்டும். இந்தப் புல்வெளி யாருக்குச் சொந்தம்? சர்க்காருக்குத்தான் என்றது கவர்னரின் கட்சி. தோடர்கள் எருமை மேய்க்கிறவர்கள். மேய்ப்பதாலேயே நிலம் சொந்தமாகிவிடுமா என்று கேட்டார்கள்.

சல்லிவன் ஒப்புக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோடர்கள் ஆண்டு அனுபவித்துவரும் நிலம் அவர்களுடையதே என்றார். அதை எடுப்பதானால் அவர்கள் சம்மதத்தோடு, தக்க விலை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று எழுதினார்.

எதிரிகள் சும்மா இருப்பார்களா? மலையில் எல்லாரையும்விட அதிக நிலம் வளைத்துப் போட்டவர் சல்லிவன்தானே என்று குற்றம் சாட்டினார்கள். அது பொய்யல்ல. கல் பங்களாவைச் சுற்றி அவருக்கு ஏராளமான நிலம் இருந்தது. தோடர்களுக்கு உரிமை உண்டு என்றால்தான் அவர்களிடமிருந்து அவர் வாங்கிய நிலமும் செல்லும். ஆகவே அவருடைய வாதத்தில் சுயநலமும் கலந்திருந்தது என்று சொல்லலாம். ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்பது நியாயமான விலைதானா என்ற கேள்வியும் எழத்தான் செய்கிறது.

ஆனால் நிலத்தில் அவருக்குச் சம்பந்தம் தீர்ந்துபோன பிறகும் அவர் பேச்சை மாற்றவில்லை. பிற்காலத்தில் கவர்னரின் ஆலோசனை சபையில் அமர்ந்தபோதும் தோடர்களின் பக்கமே பேசினார்.

1830-ம் ஆண்டு நீலகிரியின் மேற்குப் பகுதி, ஊட்டியோடு சேர்த்து, கோயமுத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் ஜில்லாவோடு இணைக்கப்பட்டது. சல்லிவன் கோயமுத்தூரை விட்டுப் போனார். லஷிங்டன் காலத்திலும் நல்ல வேலைகள் நடந்தன. குன்னூர் மலைப்பாதைக்கு அடிகோலியவர் அவரே. ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயமும் அவர் காலத்தில்தான் எழும்பியது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அந்தத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம் சல்லிவனுக்காகக் காத்திருந்தது போலும்!

ஒரே ஆண்டில் இரண்டு சாவுகள்

சில ஆண்டுகள் கழித்துச் சல்லிவன் மீண்டும் சென்னைக்கு வந்தார். ரெவினியூ போர்டில் பெரிய பதவி கிடைத்தது. பிறகு கவர்னரின் ஆலோசனை சபையில் இடம் கிடைத்தது. இனி ஊட்டிக்கு நல்ல காலம் என்று நினைத்திருப்பார்.

1838-ம் ஆண்டு இடி விழுந்தது. ஹாரியட் என்ற மகளும், மனைவி ஹென்ரியட்டாவும் அந்த ஒரே ஆண்டில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். நோய் தீர்க்கும் மலை என்று உலகுக்கெல்லாம் சொன்னவர் சல்லிவன். அந்த மலையிலேயே தம் இரு கண்மணிகளையும் மண்ணுக்குக் கொடுத்தார். புனித ஸ்டீபன் தேவாலயத் தோட்டத்தில் தாயும் மகளும் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

1841-ம் ஆண்டு சல்லிவன் வேலையிலிருந்து விலகினார். தாயில்லாப் பிள்ளைகளோடு இங்கிலாந்து திரும்பினார். பிறகு அவர் ஊட்டியைப் பார்க்கவே இல்லை.

தோடர் வழக்கும் தோற்றது. 1843-ம் ஆண்டு லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்கள் முடிவு சொன்னார்கள். தோடர்களுக்கு மேய்க்கும் உரிமை உண்டு. நிலத்தின் மீது சொந்த உரிமை இல்லை என்பதே அந்த முடிவு. அதன் பிறகு புல்வெளிகள் சுருங்கின. ஆஸ்திரேலிய மரங்கள் வந்தன. தேயிலைத் தோட்டங்கள் பரவின. எருமைகளுக்கு இடம் குறைந்தது.

சீமையில் இருந்தும் மறக்கவில்லை

இங்கிலாந்தில் சல்லிவன் ஓய்ந்திருக்கவில்லை. கம்பெனி இந்தியாவை ஆளும் முறை தவறு என்று கூட்டங்களில் பேசினார்; புத்தகங்கள் எழுதினார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு உறிஞ்சப்படுகிறது என்றார். இந்தியர்களுக்கு அவர்கள் நாட்டு ஆட்சியில் பெரிய பதவிகள் தர வேண்டும் என்றார். நாட்டு மன்னர்களின் ராஜ்யங்களை ஏதாவது காரணம் காட்டிப் பறிப்பது ஒப்பந்தத்தை மீறுவதாகும் என்று 1853-ம் ஆண்டு ஒரு நூலே வெளியிட்டார். கேட்பார் அதிகம் இல்லை.

1855-ம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ந் தேதி ஜான் சல்லிவன் காலமானார். அப்போது அவருக்கு வயது 66. இரண்டே ஆண்டுகளில் வடநாட்டில் சிப்பாய்களின் பெரும் புரட்சி வெடித்தது. ராஜ்யங்களைப் பறித்ததும் அதற்கு ஒரு காரணம்.

காணாமற்போன கல்லறை

சல்லிவன் போட்ட விதை அவர் போன பிறகும் வளர்ந்தது. 1847-ம் ஆண்டையொட்டித் தாவரப் பூங்கா தொடங்கியது. 1868-ம் ஆண்டு நீலகிரி தனி ஜில்லா ஆயிற்று. சென்னை சர்க்கார் கோடைக்காலத்தில் ஊட்டிக்கே இடம் மாறியது. கல் பங்களாவில் தலைமைக் காரியாலயம் நடந்தது. 1908-ம் ஆண்டு மலை ரயில் ஊட்டியைத் தொட்டது. 1955-ம் ஆண்டு முதல் கல் பங்களாவில் அரசு கலைக் கல்லூரி நடக்கலாயிற்று. ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கிய மண்ணில் மலைவாசிகளின் பிள்ளைகளும் படித்துப் பட்டம் பெற்றார்கள்.

ஊர் இத்தனை வளர்ந்தும் அதை அமைத்தவரின் கல்லறை எங்கே என்பது நெடுங்காலம் ஊட்டியில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. 2009-ம் ஆண்டில்தான் நீலகிரி வரலாற்று ஆர்வலர்களின் தேடலில் அது தெரியவந்தது. லண்டனுக்கு அருகே, ஸ்லவ் நகரத்து அப்டன் பகுதியில், புனித லாரன்ஸ் தேவாலயத்தில் சல்லிவன் உறங்குகிறார். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் சிதைந்து கிடந்த அவருடைய பழைய பங்களாவும் செப்பனிடப்பட்டு, நினைவில்லமாகப் பாதுகாக்கப்படுகிறது. 2022-ம் ஆண்டு ஊட்டியின் இருநூறாவது ஆண்டு விழாவின்போது ஊட்டியில் அவருக்குச் சிலையும் திறக்கப்பட்டது.

தோடர்களும் இருக்கிறார்கள். 2011-ம் ஆண்டுக் கணக்குப்படி அவர்கள் தொகை சுமார் 2,000. மந்துகளில் இன்னும் எருமை வளர்க்கிறார்கள். பால் கோயிலில் வழிபடுகிறார்கள்.

கணவர் கடலுக்கு அப்பால். மனைவியும் மகளும் ஊட்டி மண்ணில். அடுத்த முறை ஊட்டிக்குப் போகிறவர்கள், ஏரியையும் பூங்காவையும் பார்த்த பிறகு, புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கும் ஒருமுறை போய்வரலாம். ஊட்டியில் முதல் முதலாகக் குடித்தனம் வைத்த அந்த ஐரோப்பியத் தாயின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. குழந்தைகளுக்கு அதைக் காட்டி, தோடர்களின் புல்வெளியில் ஓர் ஊர் எழுந்த கதையைச் சொல்லலாம்.